பின்னிருந்து தள்ளும் எஞ்சின்

றம்புக்கணையை விட்டு நீங்கும் புகையிரதம் கடுகண்ணாவையை அடைவதற்குள் ஏறத்தாழ 12 மைல் தூரம் மலையேற வேண்டியுள்ளது. 45 அடி முன்சென்றால் ஓரடி மேலேறும் சரிவு அது. 1867ஆம் ஆண்டு கண்டிக்குப் பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு இச்சரிவு புகையிரதப் பகுதியினரின் திறமைக்கு உரைகல்லாக இருந்து வந்திருக்கின்றது. நீராவி எஞ்சின்களின் காலத்திலே பாரமேறிய வண்டித்தொடரை ஒற்றை எஞ்சினால் இழுத்தேற்றுதல் இயலாத காரியம். ஆதலின் றம்புக்கணையில் தொடரின் பின்புறத்தே இன்னோர் எஞ்சினைச் சேர்ப்பர். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். உச்சியை அடைந்ததும் பின்னெஞ்சின் கழற்றப்பெற்று, வந்த வழியே தனித்துக் கீழிறங்கும். அங்கே அடுத்த தொடர் காத்திருக்கும்.

கடுகண்ணாவை நிலையத்திற்கு அண்மையில், பாதையோரத்து வீடொன்றிலே, 2023 ஜனவரி மாதத்து இரவுகள் சிலவற்றில் ஓர் இளைஞன் நெடுநேரம் விழித்திருந்தான். பகற்பொழுதில் கண்டி நகரில் மென்பொருள் எழுதுவது அவன் தொழில். இரவிலே அவன் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஊதியம் எதுவுமில்லை. உலகின் பல பாகங்களிலுமுள்ளோர் கூடி வளர்க்கும் கட்டற்ற மென்பொருளொன்றிற்கு, அவ்வாண்டு மாணவர் செய்யத்தக்க செயற்றிட்டங்களை வகுத்துக் கொடுக்கும் பொறுப்பை அவன் ஏற்றிருந்தான். பெப்ரவரி முதல் வாரம் முடிவதற்குள் பட்டியல் ஒப்படைக்கப்பட வேண்டும். ஆயின் மூன்று இரவுகள் கழிந்தும் தாளில் ஒரு தலைப்புத்தானும் நிலைபெறவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாகவே பொழுது கழிந்தது.

அம்மென்பொருள் எத்தகையதென்பதை முதலிற் கூறுதல் பொருந்தும். கணினிக்குரிய நிரலை எழுதுவோன் மனிதன். ஆதலின் பிழையும் உடன்பிறக்கிறது. நிரலை இயக்கிப் பார்த்துப் பிழை காண்பது ஒரு வழி. இயக்காமலே அதன் வாசகத்தைப் படித்து, 'இவ்விடத்தில் ஐயம் உளது' எனச் சுட்டுவது மற்றொரு வழி. இரண்டாவதைச் செய்யும் கருவியே நிரலாய்வுக் கருவி எனப்படும். 1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் என்பார் இத்தகைய கருவியொன்றை ஆக்கி, 'லின்ட்' என்று பெயரிட்டார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப்பிசிறுக்குரிய பெயர் அது. பிசிறைப் பொறுக்குவது சிறு வேலையெனத் தோன்றலாம். ஆனால் 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியேன் 5 விண்கலம் ஏவப்பட்டு ஒரு நிமிடம் கூட நிறைவதற்குள் சிதறியது, பெரிய எண்ணொன்றைச் சிறிய கொள்கலத்தில் இடமுயன்ற ஒரு வரியினால் என்பதை எண்ணிப் பார்ப்போர் பிசிறை எளிதாகக் கருதார்.

இக்கருவிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. எந்த நிரலைக் கொடுத்தாலும் அதன் நடத்தையைப் பிழையின்றி முன்னுரைக்கும் பொதுவழி இல்லையென்பதை ஹென்றி கோர்டன் ரைஸ் என்னும் கணித அறிஞர் 1953இல் வெளியிட்ட தேற்றம் நிறுவுகின்றது. எனவே ஆய்வுக் கருவி எதுவாயினும் ஒன்றில் சில பிழைகளைக் காணாது விடும். அன்றேல் பிழையில்லாத இடத்தைப் பிழையென்று கூறும். பின்னதைப் பொய்யெச்சரிக்கை என்பர். பொய்யெச்சரிக்கை மிகுந்தால் பயனாளர் மெய்யெச்சரிக்கையையும் நம்பாது விடுவர். குறை காணும் தொழிலில் உள்ள ஆபத்து இதுவே. கருவிகளுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் இது பொருந்துமென்பதை அவ்விளைஞன் முந்திய ஆண்டிலேதான் அறிந்துகொண்டான்.

கூகிள் நிறுவனம் 2005இல் தொடக்கிய 'சமர் ஒப் கோட்' என்னும் திட்டத்தைக் கணினி பயிலும் மாணவர் நன்கறிவர். கட்டற்ற மென்பொருளை வளர்க்கும் அமைப்புகள் தமக்கு வேண்டிய செயற்றிட்டங்களை அறிவிக்கும். மாணவர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து முன்மொழிவு எழுதுவர். தெரிவானோர் சில மாதங்கள் அவ்வமைப்பைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரின் கீழ்ப் பணிபுரிவர். உதவித்தொகையைக் கூகிள் வழங்கும். முதலாண்டில் 40 அமைப்புகளும் 400 வரையிலான மாணவரும் கலந்துகொண்டனர். இத்திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவரைத் தந்தது இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். சிறிய நாடொன்றின் பல்கலைக்கழகத்துக்கு இப்பெருமை தற்செயலாய் வாய்த்ததன்று. 2003இல் நிறுவப்பட்ட லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் கட்டற்ற மென்பொருட் பணியை இங்கு வேரூன்றச் செய்திருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதிவு செய்யவும் இந்நாட்டு மென்பொருளாளர் சில நாட்களுக்குள் ஆக்கிய 'சஹானா' பின்னர் பிறநாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது. மூத்தோர் இளையோரைக் கைபிடித்து ஏற்றிவிட்டமையே இவ்வளர்ச்சியின் இரகசியம். ஓராண்டில் மாணவனாய்ச் சென்றவன் மறு ஆண்டில் வழிகாட்டியாய்த் திரும்பினான்.

கடுகண்ணாவை இளைஞனும் அவ்வாறு ஏற்றிவிடப்பட்டவனே. பல்கலைக்கழக நாட்களில் அவன் முதன்முதல் அனுப்பிய திருத்தத்தை, முகமறியாத ஒருவர் பதினொரு முறை திருப்பியனுப்பினார். பன்னிரண்டாம் முறை ஏற்றார். ஒவ்வொரு முறையும் காரணம் எழுதியிருந்தார். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தவேண்டுமென்ற எண்ணத்தினாலேயே 2022இல் அவன் முதன்முறையாக வழிகாட்டிப் பொறுப்பை ஏற்றான்.

அவன் அவ்வாண்டு வகுத்த செயற்றிட்டம் பெரியது. 350 மணிநேர வேலை. ஒரு செயற்கூற்றிலே தோன்றும் மதிப்பு வேறு செயற்கூறுகளினூடே எவ்வாறு பாய்ந்து செல்கிறது என்பதைக் கருவி பின்தொடர்ந்து காணவேண்டும் என்பது நோக்கம். நெடுங்காலமாக அவன் மனத்திலே வளர்ந்த கனவு அது. வடபுலத்துக் கடற்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன் அதற்குத் தெரிவானான். அவனுடைய முன்மொழிவு, அவ்வமைப்புக்கு வந்தவற்றுள் சிறந்ததெனப் பலரும் பாராட்டினர். அதனை எழுதிய நாட்கள், மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டிருந்த நாட்கள் என்பதை அப்போது எவரும் எண்ணவில்லை.

ஜூன் நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. முதலிரு வாரங்கள் ஒழுங்காய்ச் சென்றன. மூன்றாம் வாரத்திலிருந்து மாணவனின் கடிதங்கள் குறைந்தன, பின்னர் நின்றன. ஜூலை இறுதியில் முதல் மதிப்பீட்டு நாள் வந்தது. ஏற்கத்தக்க நிரல் எதுவும் கையிலில்லை. வழிகாட்டி படிவத்தைத் திறந்தான். 'தவறினார்' என்பதைக் குறித்தான். காரணம் கேட்ட இடத்தில் 'தொடர்பின்மை' என்று எழுதினான். முதல் மதிப்பீட்டிலே தவறியவருக்கு உதவித்தொகையில் எப்பங்கும் கிடையாது. திட்டத்திலிருந்தும் நீங்கவேண்டும். எல்லாம் ஒரு சில நிமிடங்களிலே முடிந்தன.

இரண்டு மாதங்களின் பின்னரே மாணவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குறைகூறும் கடிதமன்று; மன்னிப்புக் கேட்கும் கடிதம். ஜூன் இறுதியில் நாட்டில் எரிபொருள் விநியோகம் அத்தியாவசிய சேவைகளுக்கென மட்டுப்படுத்தப்பட்ட வாரங்களில், தந்தையின் படகுக்கு மண்ணெண்ணெய் பெறும்பொருட்டு அவன் வரிசையில் நின்றான். தந்தை பகலில் நின்றார். மகன் இரவில் நின்றான். மின்சாரம் போகும் நேரங்களில் ஊரின் தொலைபேசிக் கோபுரமும் அடங்கிவிடும். இவையெல்லாம் கடிதத்தின் இறுதியில் நான்கு வரிகளில் இருந்தன. எஞ்சிய பகுதி முழுவதும் நிரலைப் பற்றியது. செயற்றிட்டத்தின் முதற்படியாகக் கருவியின் உள்ளமைப்பை மாற்றவேண்டியிருந்தது. அம்மாற்றம் ஏனைய விதிகள் அனைத்தையும் பாதிக்கக்கூடியது. ஆகவே அமைப்பின் மூத்தோர் யாவரும் உடன்பட வேண்டியிருந்தது. அவர்கள் விவாதித்துக்கொண்டிருந்த வேளையில் தான் எதைச் செய்வதென்று தெரியாதிருந்ததாகவும், கேட்க நாணியதாகவும் அவன் எழுதியிருந்தான்.

அக்கடிதத்தைப் படித்தபின் இளைஞன் திட்டத்தின் விதிகளை மீண்டும் எடுத்து வாசித்தான். அவ்வாண்டு முதல் வேலைக்காலம் 12 வாரங்களென்று கட்டுப்படவில்லை. வழிகாட்டியும் பங்குபற்றுவோரும் உடன்பட்டால் 22 வாரங்கள் வரை நீட்டலாம் என்று அங்கே தெளிவாயிருந்தது. அவன் அதை முன்பும் வாசித்திருந்தான். தன் நாட்டிலே, தன் வீட்டிலேயே விளக்கணைந்திருந்த இரவுகளிலும், அவ்விதி எவருக்காக எழுதப்பட்டது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அவன் விடுத்தது ஒரு பொய்யெச்சரிக்கை. தவறு மாணவனிடத்தில் இருப்பதாகச் சுட்டினான். தவறோ தான் வகுத்த திட்டத்திலே இருந்தது.

ஆதலினாலேயே 2023 ஜனவரியில் அவனது பேனா ஓடவில்லை. வழிகாட்டிப் பொறுப்பை விட்டுவிடலாமா என்றும் எண்ணினான். அமைப்புக்கு அவ்வாறே எழுதி, அனுப்பாது வைத்திருந்தான்.

அவ்வீட்டில் அவனுடைய தாத்தா இருந்தார். தொண்ணூறை அணுகிய முதியவர். இளமையில் நீராவி எஞ்சினில் நிலக்கரி வாரியிட்டவர். 2014 டிசம்பரில் கடுகண்ணாவையிலே தேசிய புகையிரத அரும்பொருளகம் திறக்கப்பட்டபின், அங்கு நிறுத்தப்பட்டுள்ள பழைய எஞ்சின்களைப் பார்க்கப் பேரனை அழைத்துக்கொண்டு செல்வது அவரது வழக்கம். கணினி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. பேரன் இரவிரவாய் விழித்திருப்பதைக் கண்டு ஒருநாள் காரணம் கேட்டார். அவனும் ஏதோ சொல்லத் தொடங்கி முழுவதையும் சொல்லிவிட்டான். முதியவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"தள்ளுற எஞ்சினில் நான் நாலு வருஷம் வேலை செய்தனான், தம்பி. முன்னுக்குப் பாதை என்ன மாதிரி என்று எங்களுக்குத் தெரியாது. பெட்டியின்ட முதுகு மட்டுந்தான் தெரியும். முன்னால ஊதினால் நாங்கள் ஊதவேணும். ஊதல் கேட்கவில்லை என்றால் தள்ளக்கூடாது. கேட்காமல் தள்ளினால் நடுவில இருக்கிற பெட்டிதான் தடம்புரளும்."

பின்னர், "நீ ஊதிக் கேட்டனியா?" என்று வினவினார்.

அவன் கேட்கவில்லை. மாணவன் எழுதுவான் என்று காத்திருந்தான். வரவேண்டிய ஒலி வராதபோது, அதனை ஓர் அடையாளமாகக் கொள்ளாமல் ஒரு குற்றமாகக் கொண்டான்.

அன்றிரவு அவன் புதிதாக எழுதத் தொடங்கினான். முதலிலே தன் கனவுத் திட்டத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினான். மாணவரின் கோடைக்காலம் அதற்குரிய இடமன்று. அதனை அனுபவமுடையோர் கூடி ஆண்டுக்கணக்கிற் செய்யவேண்டும் என்று அருகே குறித்தான். பின்னர் சிறிய செயற்றிட்டங்கள் மூன்றை வகுத்தான்.

முதலாவது, பொய்யெச்சரிக்கைகள் பற்றியது. பயனாளர் முறையிட்ட பொய்யெச்சரிக்கைகள் பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் சிறு சோதனையாக எழுதி, ஒரு விதியை எடுத்து அதனை மட்டும் திருத்துதல். பத்து விதிகள் திருந்தினால் நன்று. ஆறு திருந்தினாலும் அந்த ஆறும் பயன்படும். இடையிலே நோயோ மின்வெட்டோ வந்து வேலை நின்றாலும், நின்ற இடம்வரை செய்தது வீணாகாது.

இரண்டாவது, கருவி சொல்லும் எச்சரிக்கை வாசகங்களைத் திருத்துவது. 'இங்கு தவறு' என்று மட்டும் கூறாது, ஏன் தவறு, எவ்வாறு திருத்தலாம் என்பதைப் புதியவரும் விளங்கும் வகையில் எழுதுதல். பின்னர் அவற்றை மொழிபெயர்ப்பதற்கு வழிசெய்தல். சிங்களத்திலும் தமிழிலும் வாசகங்கள் அமையுமாயின் பள்ளிக்கூடத்தில் நிரல் எழுதப் பழகும் பிள்ளையும் கருவியைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவதே அவனுக்கு மிகவும் உவப்பானதாயிற்று. பைதன் மொழியில் எழுதுவோர் ஒரு வரியில் 79 எழுத்துகளுக்கு மேற்படாது எழுதுதல் மரபு. துளையட்டைகளில் 80 நிரைகள் இருந்த காலத்தின் எச்சம் அது என்பர். கருவி எழுத்துகளை எண்ணி, வரி நீண்டால் எச்சரிக்கும். ஆனால் அது எண்ணுவது எழுத்துகளையன்று, யூனிக்கோட் குறியீடுகளை. 'கொண்டாட்டம்' என்னும் சொல்லில் நம் கணக்கின்படி எழுத்து ஆறு. கருவியின் கணக்கிலோ பதினொன்று. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். தமிழில் குறிப்பெழுதிய நிரல்களில் இதனாற் பொய்யெச்சரிக்கை எழக்கூடும். வேறொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியிட்டும் எழுதலாம். எகரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவியின் கண்ணுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். எழுத்தென்பது யாது, அது எத்தனை என்னும் வினாவைத் தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே எழுப்பி விடை கூறியிருக்க, இந்நூற்றாண்டின் கருவி அதனை அறியாதிருந்தமை அவனுக்கு வியப்பளித்தது. தமிழெழுத்துகளைப் பிரித்தெண்ணும் ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நிரற்றொகுதிகள் முன்னரே உள்ளமையால், இவ்வேலை 175 மணிநேரத்துள் அடங்குமென மதித்தான். தேவநாகரி, சிங்களம் முதலிய எழுத்துகளுக்கும் அதே தீர்வு உதவும்.

ஒவ்வொரு செயற்றிட்டத்தின் கீழும் அவன் சில வரிகளைச் சேர்த்தான். வேலை நாட்களால் அன்றி மணிநேரங்களால் அளக்கப்படும். எப்பகுதியும் மூத்தோரின் நீண்ட விவாதத்துக்காகக் காத்திராது; உடன்பாடு தேவையான முடிவுகளை வழிகாட்டி முன்கூட்டியே பெற்றுவைப்பார். மாணவரிடமிருந்து மூன்று நாட்கள் செய்தி வராவிடின் வழிகாட்டியே முதலில் எழுதவேண்டும். பதில் இல்லாவிடின் தொலைபேசியில் அழைக்கவேண்டும். மின்சாரமோ இணைப்போ அரிதான இடத்தில் இருப்போர் அதனைத் தொடக்கத்திலேயே தெரிவிக்கலாம்; காலநீட்டிப்புக் கேட்பது குறையாகக் கொள்ளப்படமாட்டாது. இவ்வரிகளைப் படித்த அமைப்பினர் சிலர், ஒரு செயற்றிட்டத்துக்கு இவ்வளவு விரிவு வேண்டுமோ என்று கேட்டனர். அவன் அவற்றை நீக்கவில்லை.

பட்டியலை அனுப்புவதற்கு முன் அவன் இன்னொரு காரியம் செய்தான். அதனைக் கடற்கரைக் கிராமத்து மாணவனுக்கு அனுப்பினான். தன் தவற்றை ஒப்புக்கொண்டு ஒரு பக்கம் எழுதினான். திட்டத்தைப் படித்து, குறைகளைக் கூறவேண்டுமென்று கேட்டுக்கொண்டான். இழந்த உதவித்தொகையைத் திருப்பித் தரும் வழி தன்னிடமில்லை என்பதையும் மறையாமல் எழுதினான். விடை வராதென்றே எண்ணியிருந்தான்.

ஐந்தாம் நாள் விடை வந்தது. முந்திய ஆண்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவது செயற்றிட்டத்தின் ஓரிடம் பிழையென்று மாணவன் சுட்டியிருந்தான். எழுத்துகளைச் சரியாக எண்ணினாலும், திரையில் எல்லாத் தமிழெழுத்துகளும் ஒரே அகலத்தை அடைப்பதில்லை. 'ணௌ' அடைக்கும் இடம் வேறு, 'ர' அடைக்கும் இடம் வேறு. எனவே வரியின் நீளம் என்பதற்கு எழுத்தெண்ணிக்கையைக் கொள்வதா, திரையின் அகலத்தைக் கொள்வதா என்று முதலில் முடிவு செய்யவேண்டும். அன்றேல் வருகின்ற மாணவன் மூன்றாம் வாரத்தில் அங்கேயே தடைப்பட்டு நிற்பான் என எழுதியிருந்தான். எழுத்தெண்ணிக்கையே போதுமென்பது தன் கருத்தென்றும், அதற்குரிய காரணங்களையும் வரிசையாகத் தந்திருந்தான். கடைசி வரியில், அச்செயற்றிட்டத்துக்கு எவரேனும் தெரிவாகின் எண்ணிப் பார்ப்பதற்குரிய சோதனைச் சொற்களைத் தான் தொகுத்துத் தருவதாகக் கூறியிருந்தான்.

இளைஞன் அவ்விடத்தைத் திருத்தினான். 'வழிகாட்டிகள்' என்னும் தலைப்பின் கீழ்த் தன் பெயரை எழுதினான். அதன் அருகே இன்னொரு பெயருக்கு இடம் விட்டு, அதனை இடலாமா என்று கேட்டு மறுகடிதம் எழுதினான். அமைப்புக்கு எழுதிவைத்திருந்த விலகற் கடிதத்தை அழித்தான். அப்போது இரவு நெடுநேரமாகியிருந்தது. கொழும்பிலிருந்து மலையேறி வந்த வண்டியொன்று நிலையத்தை நெருங்கி ஊதிற்று. உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்த முதியவர் சற்றே புரண்டு படுத்தார்.